ஒரு கடைத்தெரு, பல அலுவலகங்கள்: நீடாமங்கலத்தில் விளம்பரப் பலகைக்கு யார் பொறுப்பு?

ஒரு வணிகப் பலகை எங்கே நிற்கலாம், எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எந்த மொழியில் எழுதப்பட வேண்டும், காற்றில் சாய்ந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பவற்றுக்குத் தமிழ்நாட்டில் சட்டம் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஒரே பலகையைப் பற்றிப் பேசுகிற சட்டங்களும் விதிகளும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த விதிகள் ஒவ்வொன்றும் பலகை ஊன்றியிருக்கும் நிலம் யாருக்குச் சொந்தம் என்றோ, பலகையில் எழுதியிருப்பது என்ன என்றோ கேட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன; அந்தப் பலகை தெருவை என்ன செய்கிறது என்ற கேள்வி கடைசியில் வருகிறது, பல சமயம் வராமலே போகிறது. மாநகராட்சிகளில் இந்தக் குறை உயர் நீதிமன்றம் வரை போய்த் தலைப்புச் செய்தியாகிவிடும். திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலம் போன்ற ஒரு பேரூராட்சியில் அது பேச்சே இல்லாமல் கிடக்கும் என்றாலும், குறையின் முழு உருவத்தையும் அப்படிப்பட்ட ஊரில்தான் பார்க்க முடிகிறது.

காரணம், ஊர் அமைந்திருக்கும் விதம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையும் இங்கே சந்திக்கின்றன. தஞ்சாவூர்–திருவாரூர் ரயில் பாதையிலிருந்து மன்னார்குடிக்குக் கிளைப்பாதை பிரிவதும் இங்கேதான். வெண்ணாறு மூன்றாகப் பிரிந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று ஓடத் தொடங்கும் மூணாறு தலைப்பு ஊருக்கு அருகில் இருக்கிறது. மராட்டியர் காலத்தில் அரசி யமுனாம்பாளின் பெயரால் யமுனாம்பாள்புரம் என்றும் அழைக்கப்பட்ட இவ்வூரில் சந்தானராமர் கோயில் உண்டு. ஆலங்குடி குரு கோயிலுக்கு வருவோரின் வண்டிகளும் இந்தப் பக்கம் வந்து போகின்றன. ஆகவே சுற்றுவட்டார உழவர்களுக்கான உரக்கடையும் மோட்டார் பம்ப் கடையும் மருந்துக்கடையும் ஒரு பக்கம் இருக்க, கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் விளம்பரம் செய்ய விரும்பும் வழித்தடமாகவும் இந்தச் சிற்றூர் ஆகிவிடுகிறது.

இதற்கு மேல் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. டெல்டாவின் நெல்லும் அரிசியும் பொது விநியோகத்துக்காகச் சரக்கு ரயில்களில் ஏறும் நிலையங்களில் நீடாமங்கலமும் ஒன்று; சரக்கு வேகன்களை முன்னும் பின்னும் இழுத்து நிறுத்தும்போதும், மன்னார்குடி ரயில்களுக்கு எஞ்சின் மாற்றும்போதும் நெடுஞ்சாலையின் குறுக்கே உள்ள கேட் மூடப்படுவதும், இருபுறமும் பேருந்துகளும் லாரிகளும் வரிசைகட்டி நிற்பதும் ஊரின் பழைய குறை. பயணிக்கு எரிச்சலூட்டும் அந்தக் காத்திருப்பு விளம்பரத் தொழிலின் கணக்கில் லாபமாக மாறுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போகும் கண்ணுக்கு ஒரு பலகையில் நான்கைந்து சொற்கள் மட்டுமே எட்டும். கேட்டில் நிற்கும் பேருந்தின் ஜன்னலோரத்துக் கண், தொலைபேசி எண் வரை படித்து முடித்துவிடும். பலகைக்கான இடத்தின் மதிப்பை நிலத்தின் விலையைவிட, அந்த இடத்தில் மனிதர் எவ்வளவு நேரம் சும்மா நிற்க நேர்கிறது என்பதே முடிவு செய்கிறது. நாற்சந்தி, பேருந்து நிறுத்தம், கேட், பாலத்தின் தலைமாடு ஆகிய இவையே விளம்பரக்காரர் முதலில் தேடும் இடங்கள். ஓட்டுநரின் கவனம் சிதறக்கூடாத இடங்களும் இவையே.

எந்தப் பலகை, எந்த விதி?

விதிகளைப் புரிந்துகொள்ளப் பலகைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது உதவும். முதலாவது பெயர்ப் பலகை: ஒரு கடை தன் முகப்பில், தன் பெயரையும் தன் தொழிலையும் சொல்லி வைத்திருப்பது. இரண்டாவது விளம்பரப் பலகை: ஊர்மக்கள் 'ஹோர்டிங்' என்று சொல்லும் இது, இரும்புச் சட்டத்தின் மேல் நிற்கும் பெரிய பரப்பு, அது நிற்கும் இடத்துக்கும் அதில் விளம்பரமாகும் பொருளுக்கும் தொடர்பு எதுவும் இருப்பதில்லை. மூன்றாவது பதாகை: தட்டி, பேனர், ஃபிளெக்ஸ் என்ற பெயர்களில் காதணி விழா, திறப்பு விழா, வரவேற்பு, கண்ணீர் அஞ்சலி என ஒரு நிகழ்ச்சிக்காகச் சில நாள் நிற்பது. விளம்பரங்களுக்கு வரி விதித்த நகராட்சிச் சட்டங்கள், தன் கட்டடத்தில் தன் தொழிலைச் சொல்லும் பலகைக்கு நெடுங்காலமாக விலக்கு அளித்து வந்ததால், முதல் வகை பெரும்பாலும் கவனிக்கப்படாமலே விடப்பட்டது. இரண்டாவதற்கு உரிமம், மூன்றாவதற்கு முன் அனுமதி என்று பாதை பிரிந்தது.

விளம்பரப் பலகைகளுக்கான இன்றைய உரிம முறை சென்னையில் தொடங்கியது. சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் இதற்கென ஒரு தனி இயல் சேர்க்கப்பட்டு, 2003இல் விரிவான விதிகள் வந்தன. மற்ற நகராட்சிகளுக்கும் அதே ஆண்டில் இணையான விதிகள் அமைந்தன. கல்வி நிலையங்கள், பெயர்பெற்ற வழிபாட்டுத் தலங்கள், உள்நோயாளிகள் தங்கும் மருத்துவமனைகள் ஆகியவற்றின் முன்பும், வரலாற்றுச் சிறப்போ அழகோ உள்ள இடங்களின் முன்பும், சாலைச் சந்திப்பின் இருபுறமும் 100 மீட்டர் தொலைவு வரையிலும் பலகை கூடாது என்பது அந்த விதிகளின் சாரம். விளம்பர நிறுவனங்கள் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2008இல் 'நோவா ஆட்ஸ்' வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. வணிக விளம்பரமும் பேச்சுரிமையின் ஒரு பகுதியே என்று 1995இல் டாடா பிரஸ் வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றிருந்தது என்றாலும், பேசும் உரிமை என்பது சாலையோரத்தில் எந்த அளவிலும் எந்த உயரத்திலும் இரும்பை நாட்டும் உரிமை ஆகிவிடாது என்பது 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பால் தெளிவாயிற்று. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன. 1998இல் இயற்றிய இந்தச் சட்டம் கால் நூற்றாண்டு கழித்து உயிர்பெற்றது தனிக்கதை.

சென்னையில் வகுத்த இந்த அளவுகோலை நீடாமங்கலத்தில் விரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பது சுவையான கேள்வி. சந்திப்பிலிருந்து இருபுறமும் 100 மீட்டர் என்று அளந்தால், கடைத்தெரு நீளமே சில நூறு மீட்டர் இருக்கும் ஊரில் ஒவ்வொரு சந்திப்பின் வட்டமும் அடுத்ததைத் தொட்டுவிடும். கோயில், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றையும் சேர்த்துக் கழித்தால் பெரிய பலகைக்கு ஊருக்குள் சட்டப்படி மிஞ்சும் இடம் ஏறக்குறைய இல்லை. அதாவது, விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால் நீடாமங்கலம் ஹோர்டிங் இல்லாத ஊராக வேண்டும். எவரும் அப்படித் திட்டமிட்டு எழுதவில்லை. பெருநகரத்தின் நூறடிச் சாலையை மனத்தில் வைத்து எழுதிய விதி, சிற்றூருக்கு வரும்போது தானாக அப்படி மாறிவிடுகிறது. நிறைவேற்ற முடியாத அளவுக்குக் கடுமையான விதிக்குச் சட்டப் புத்தகத்தில் நேரும் கதி எல்லாருக்கும் தெரியும். அது அமலாவதில்லை, யாரையாவது அசைக்க வேண்டும் என்றால் மட்டும் எடுத்துக் காட்டப்படுகிறது.

நிலத்தைப் பின்தொடரும் அதிகாரம்

அமெரிக்கா போன்ற நாடுகளில் உள்ளாட்சிகள் ஊரைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை எனப் பிரிக்கும் நில உபயோக மண்டல முறையையே பலகைகளுக்கும் அடிப்படையாகக் கொள்கின்றன. குடியிருப்பு மண்டலத்தில் ஒரு மருத்துவரின் சிறு பெயர்ப் பலகைக்கு மேல் அனுமதி இல்லை, கடைவீதி மண்டலத்தில் முகப்பின் அகலத்துக்கு ஏற்ற அளவு, நெடுஞ்சாலையோரத் தொழில் மண்டலத்தில் இன்னும் பெரிது என்று படிப்படியாக அளவு மாறும். தமிழ்நாட்டில் மண்டலம் உண்டு, பலகை விதியும் உண்டு. இரண்டையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் வழக்கம் வலுப்படவில்லை. அந்த முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில் நில உரிமை உட்கார்ந்திருக்கிறது.

நெடுஞ்சாலையின் எல்லைக்குள் நிற்கும் பலகை தேசிய நெடுஞ்சாலை நிர்வாகத்துக்கு உட்பட்டது. 2002ஆம் ஆண்டின் நெடுஞ்சாலை நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் அங்கே பேசும். மன்னார்குடிச் சாலையில் நின்றால் மாநில நெடுஞ்சாலைத் துறை. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் நீர்வளத் துறை, கோயில் இடமானால் இந்து சமய அறநிலையத் துறை, மின்கம்பத்தில் கட்டினால் மின்வாரியம், ஊர் எல்லையைத் தாண்டிய உடனே கிராம ஊராட்சி. தனியார் மொட்டைமாடியிலோ மனையிலோ நின்றால்தான் பேரூராட்சியின் செயல் அலுவலர் முழு அதிகாரத்தோடு பேச முடிகிறது. ரயில்வேயின் நிலையோ எல்லாவற்றிலும் தனி. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 185ஆம் பிரிவு, ரயில்வேயின் எந்தப் பகுதியில் செய்யப்படும் விளம்பரத்துக்கும், மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலொழிய, உள்ளாட்சிக்கு வரி செலுத்த வேண்டியதில்லை என்கிறது. வரிக்கு மட்டும் சொல்லப்பட்ட அந்த விலக்கு, நடைமுறையில் 'ரயில்வே நிலத்துக்குள் உள்ளாட்சிக்கு வேலை இல்லை' என்ற மனப்பாங்காக வளர்ந்துவிட்டது.

அந்த மனப்பாங்கின் விலை என்ன என்பதை 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் நாடு கண்டது. புழுதிக்காற்றும் மழையும் அடித்த அந்த மாலையில் ஒரு பெட்ரோல் நிலையத்தின் மேல் சாய்ந்து 17 பேரைக் கொன்ற பலகையின் அளவு நீளம் 120 அடி, உயரம் 120 அடி. மும்பை மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவோ 40 அடிக்கு 40 அடி. அது நின்ற நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது என்பதால், மாநகராட்சியின் உரிமம் தேவையா இல்லையா என்ற வாதம் பலகை விழுந்த பிறகும் ஓயவில்லை. ஆறாண்டுகளுக்கு முன்பு, 2018 அக்டோபரில் புணேயில் ரயில்வே இடத்தில் இருந்த பலகைச் சட்டம் சாலையில் விழுந்து நால்வர் இறந்ததிலிருந்து எவரும் எதையும் கற்றதாகத் தெரியவில்லை.

நீடாமங்கலத்து உரக்கடைக்காரரின் நிலையிலிருந்து இதைப் பார்த்தால் வேறொரு வேடிக்கை தெரியும். முகப்பில் தகரக் கொட்டகை இறக்கி, அதன் நெற்றியில் அக்ரிலிக் எழுத்துகளோடு ஒரு விளக்குப் பலகை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கொட்டகை சாக்கடையைத் தாண்டி நீண்டால் அது நெடுஞ்சாலை ஆக்கிரமிப்பு. பலகையின் அளவு பேரூராட்சிக்கு உரியது. உள்ளே எரியும் எல்.இ.டி. விளக்குக்கு மின் இணைப்பு வேறு கதை. பலகையின் மொழியோ தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையொட்டிய 1948ஆம் ஆண்டு விதிகளில் 15ஆம் விதி, பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும் என்றும், பிற மொழி இருந்தால் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தைத் துறை வற்புறுத்தி வருகிறது. ஆக, எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்க்க ஓர் ஆய்வாளர் வருவார். பலகையைத் தாங்கும் ஆணி துருவேறியிருக்கிறதா என்று பார்க்க வருவதற்கு எந்தத் துறையும் தனக்குக் கடமை இருப்பதாகக் கருதுவதில்லை.

இறந்தவர்களும் தீர்ப்புகளும்

பதாகைகளின் வரலாறு தமிழ்நாட்டில் மரணங்களால் எழுதப்பட்டது. 1959இலேயே பொதுவிடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்துவிட்டது. 2011இல் டிஜிட்டல் பதாகைகளுக்கென விதிகள் வகுக்கப்பட்டு, முன்கூட்டியே விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெறவும், அனுமதி எண், நாள், அச்சகத்தின் பெயர் ஆகியவற்றைப் பதாகையின் கீழே அச்சிடவும் வகை செய்யப்பட்டது. சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி இந்த விதிகளை அரசுக்கு நினைவூட்டுவதற்காகவே வாழ்நாளின் பெரும்பகுதியை நீதிமன்றப் படிகளில் கழித்தார். 2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவுக்காக நட்ட அலங்கார வளைவின் கம்பத்தில் மோதி ஓர் இளைஞர் இறந்தார். 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் ஃபிளெக்ஸ் பதாகைகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை இருக்கும்போதே, 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் சாலைத் தடுப்பில் கட்டியிருந்த திருமணப் பதாகை ஒன்று, வண்டியில் போய்க்கொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மீது விழ, நிலைதடுமாறிச் சாய்ந்த அவர் மீது தண்ணீர் லாரி ஏறியது. கட்சிகள் எல்லாம் இனிப் பதாகை வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. மூன்றே வாரங்களில், மாமல்லபுரத்துக்கு வரும் பிரதமரையும் சீன அதிபரையும் வரவேற்கப் பதாகை வைக்க அனுமதி கேட்டு அரசே நீதிமன்றத்துக்குப் போய், அதைப் பெற்றும் வந்தது.

இவை அரசியல், குடும்ப நிகழ்ச்சிப் பதாகைகள். வணிகப் பலகைக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டியில் இரும்புச் சட்டத்தில் பெரிய விளம்பரப் பலகை பொருத்திக்கொண்டிருந்த தொழிலாளர்களில் மூவர், காற்றில் சட்டம் சரிந்து உயிரிழந்தார்கள். உரிமம் இல்லாமல் பலகை வைப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் என்று அரசு எச்சரித்தது அதன் பிறகுதான். வாழ்த்துச் செய்தி எழுதியிருந்தாலும் வளையல் விளம்பரம் எழுதியிருந்தாலும் காற்றுக்கு வேறுபாடு தெரியாது. எழுதியிருப்பதைப் பார்த்து விதியை மாற்றுவது எவ்வளவு வீண் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. அரிசோனா மாநிலத்தின் கில்பர்ட் என்ற ஊர், கொள்கைப் பலகைக்கு ஓர் அளவு, தேர்தல் பலகைக்கு ஓர் அளவு, தேவாலயத்துக்கு வழிகாட்டும் தற்காலிகப் பலகைக்கு அதைவிடச் சிறிய அளவு என்று வகைபிரித்து வைத்திருந்தது; 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. வாசகத்தைப் படித்த பிறகே அளவைச் சொல்ல முடியும் என்றால் அது பேச்சைக் கட்டுப்படுத்தும் விதி என்பது அந்தத் தீர்ப்பின் உட்பொருள். அளவு, உயரம், இடம், வெளிச்சம் ஆகியவற்றுக்கு விதி செய்வதை அது தடுக்கவில்லை.

டெல்டாவின் காற்று

பலகையின் வாசகத்தை விட்டுவிட்டு அதன் பரப்பை மட்டும் பார்த்தால் கணக்கு எளிதாகிறது. கட்டடங்கள் மீது காற்று செலுத்தும் சுமையைக் கணிக்கும் இந்தியத் தரநூல் 875இன் மூன்றாம் பகுதியின்படி, காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் மீது விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். கடைத்தெருக்களில் சாதாரணமாகக் காணப்படும் 20 அடிக்கு 10 அடிப் பலகையின் பரப்பு ஏறத்தாழ 18.6 சதுர மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று அதன் மீது ஏறக்குறைய 220 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும்; வேகம் 100 ஆனால் விசை இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகி 880 கிலோவைத் தொடும். பலகையின் வடிவத்துக்காகச் சேர்க்க வேண்டிய கூடுதல் காரணி இதில் அடங்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறித் திருவாரூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்ட கஜா புயலின் காற்று அந்த வேகத்தைத் தாண்டியது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டல் மண் ஊறி இளகிக் கிடக்கும்போது இரண்டடிக் குழியில் நட்ட சவுக்குக் கம்பும் கயிற்றுக் கட்டும் இந்த விசைக்கு என்ன விடை சொல்லும் என்பதைக் கணக்குப் போட வேண்டியதில்லை.

தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாததன்று. பதாகை கட்டுவோர் ஃபிளெக்ஸில் ஆங்காங்கே பிறை வடிவில் கத்தியால் கீறிவிடுவார்கள். காற்று அடிக்கும்போது அந்தக் கீறல்கள் மடல்போலத் திறந்து காற்றை வழியவிடும். ஏட்டில் இல்லாத இந்தக் கைவழக்கம், ஏட்டில் உள்ள பல விதிகளைவிட அதிக உயிர்களைக் காத்திருக்கக்கூடும். ஆனால் நிரந்தரமாக நிற்கும் வணிகப் பலகையில் எவரும் கீறல் போடுவதில்லை, படம் கெட்டுவிடும் என்பதால். அலுமினியத் தகடு போர்த்திய புதுவகைப் பலகைகளில் அதற்கு வழியுமில்லை.

ஃபிளெக்ஸ் என்ற பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்த 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களில் கொடி உண்டு, பதாகை இல்லை. 2022 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த தடை 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பதாகைகளைத் தொட்டது, கடைத்தெருவில் அச்சாகும் ஃபிளெக்ஸ் பொதுவாக அதைவிடத் தடிமன். ஆகவே அது தடைகளின் இடுக்கில் தப்பி வாழ்கிறது. விழா முடிந்த பிறகும் அதற்குச் சாவில்லை. மாட்டுக் கொட்டகையின் கூரையாகவும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் மழைக்குப் பயந்து கிடக்கும் நெற்குவியலுக்குப் போர்வையாகவும் அது மறுபிறவி எடுக்கிறது. புன்னகைக்கும் பிரமுகர் ஒருவரின் முகத்தின் கீழ் குறுவை நெல் உலர்வது டெல்டாவில் புதுக் காட்சியன்று.

வயலில் முளைத்த பலகைகள்

ஊருக்குள் இடம் இல்லாதபோது பலகை வயலுக்குப் போகிறது. நெடுஞ்சாலையோரத்து நன்செய் நிலத்தில், வரப்பை ஒட்டி இரண்டு இரும்புத் தூண்களை நட்டு வைத்தால் போதும். நில உரிமையாளருக்குச் சாகுபடியைவிட நிச்சயமான வாடகை, விளம்பரதாரருக்குத் தடையில்லாத பார்வை. திருவாரூர் மாவட்டம் முழுவதும் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்றாலும், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய் எரிவாயு ஆய்வு போன்றவற்றைத் தடுக்கும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் விளம்பரப் பலகைக்கு இடமில்லை. இருக்க வேண்டும் என்று கேட்பதும் மிகை. ஆனால் சாலைப் பாதுகாப்பு என்ற கோணத்தில், இந்தியச் சாலைப் பேராயம் 1972இல் வெளியிட்ட வழிகாட்டுநூல் இங்கே பேசியாக வேண்டும். சந்திப்புகளிலிருந்தும் பாலங்களிலிருந்தும் 100 மீட்டருக்குள்ளும் (நகர்ப்புறத்தில் 50 வரை குறைக்கலாம்), போக்குவரத்து அறிவிப்புப் பலகைகளிலிருந்து 50 மீட்டருக்குள்ளும், வண்டிகள் ஓடும் பரப்பின் விளிம்பிலிருந்து 10 மீட்டருக்குள்ளும் விளம்பரம் கூடாது என்கிறது அது. ஐம்பதாண்டுகளைக் கடந்த அந்த நூலை மேற்கோள் காட்டாத நெடுஞ்சாலைச் சுற்றறிக்கை குறைவு. நாடாவை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி அளந்தவரும் குறைவு.

பேரூராட்சிக்கும் இதில் ஆர்வம் குறைந்ததற்குப் பணமும் காரணம். விளம்பரங்கள் மீதான வரி மாநிலப் பட்டியலின் 55ஆம் இனமாக இருந்தது. 2016இல் வந்த 101ஆவது அரசமைப்புத் திருத்தம் அதை நீக்கியது, 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு உள்ளாட்சிக்கு மிஞ்சியது உரிமக் கட்டணம் மட்டுமே. வருவாய் தராத பொருளை எண்ணி, அளந்து, பதிவேட்டில் ஏற்றும் வேலைக்கு ஆள்பற்றாக்குறையுள்ள ஒரு சிறு அலுவலகம் முன்னுரிமை தராது என்பது குற்றச்சாட்டு ஆகாது, மனித இயல்பு.

எல்லாவற்றையும் அகற்றிவிடலாமே என்று சொல்வோருக்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1968இலேயே சாலையோர விளம்பரப் பலகைகளைத் தடைசெய்தது. பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநகரம், மேயர் ஜில்பெர்ட்டோ கசாப் காலத்தில், 2007 ஜனவரி முதல் 'தூய நகரம்' சட்டத்தின்கீழ் விளம்பரப் பலகைகளை முற்றிலும் நீக்கியது. ஆனால் சாவ் பாவ்லோவின் சட்டத்தில் படிக்க வேண்டிய பகுதி தடை அன்று. கடைகளின் சொந்தப் பெயர்ப் பலகைக்கு அது வகுத்த அளவுகோல்தான். முகப்பு 10 மீட்டருக்குக் குறைவென்றால் பெயர்ப் பலகை ஒன்றரைச் சதுர மீட்டர், 10 முதல் 100 மீட்டர் வரை என்றால் நான்கு சதுர மீட்டர். கடைக்காரர் எந்த அலுவலகத்துக்கும் அலையாமல், ஒரு நாடாவை வைத்துத் தாமே தெரிந்துகொள்ளக்கூடிய விதி அது. நீடாமங்கலத்துக் கடைகளின் முகப்போ பெரும்பாலும் ஒரு ஷட்டர் அல்லது இரண்டு ஷட்டர் அகலம். 'ஒரு ஷட்டருக்கு இவ்வளவு' என்றே விதி எழுதிவிட முடியும்.

இடத்தை வைத்து எழுதப்படும் விதி எப்படி இருக்கும் என்பதைக் கும்பகோணம் சாலை நெடுஞ்சாலையில் வந்து சேரும் ஒரு மூலையைக் கொண்டு சொல்லலாம். திரும்பக் காத்திருக்கும் இருசக்கர வண்டியோட்டியின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அடிவிளிம்பு எட்டடிக்கு மேலே இருக்கும் பலகை எவ்வளவு அகலமாக இருந்தாலும் எதிரே வரும் பேருந்தை மறைக்காது, நடைபாதையில் மடக்கி நிறுத்திய மூன்றடிப் பலகைக்கும் அந்த ஆபத்து குறைவு, இரண்டுக்கும் இடைப்பட்ட உயரத்தை நிரப்பும் எதுவும் மறைக்கும். மூலையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் மூன்றடிக்கும் எட்டடிக்கும் இடையே எதுவும் நிற்கக்கூடாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், நிலம் நெடுஞ்சாலையுடையதா கோயிலுடையதா என்றும், எழுதியிருப்பது அரிசி மண்டியா அஞ்சலியா என்றும் கேட்க வேண்டிய தேவை போய்விடும். அந்த வரியை அமலாக்க நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, மின்வாரியம் ஆகியவற்றின் இசைவு வேண்டும் என்பது உண்மை. ஊர் எல்லைக்குள் நிற்கும் எல்லாப் பலகைகளையும், யார் நிலமானாலும், ஒரே பதிவேட்டில் ஏற்றுவதற்கு எவர் இசைவும் வேண்டியதில்லை. உரிமையாளர், அளவு, நட்ட நாள், கட்டமைப்புப் பொறியாளரின் சான்று இருக்கிறதா இல்லையா என்ற நான்கு பத்திகளோடு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் புரட்டாசியில் ஒருமுறை தெருவை நடந்து பார்த்து எழுதினால் ஒரு பேரூராட்சிக்கு அது சில நாள் வேலை.

அந்தப் பதிவேட்டை விரைவில் தொடங்குவதற்கு உள்ளூரிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ரயில்வே கேட்டுக்கு மாற்றாக மேம்பாலம் என்பது நீடாமங்கலத்தின் நீண்டநாள் கோரிக்கை. போக்குவரத்து பாலத்தின் மேல் ஏறும் நாளில், கீழே கேட்டின் இருபுறமும் உள்ள சுவர்களும் முகப்புகளும் விளம்பர மதிப்பை இழக்கும். பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே தெரியும் மொட்டைமாடிகளுக்கு அந்த மதிப்பு இடம்மாறும். அங்கே எழக்கூடிய பலகை இன்றைய கடைத்தெருப் பலகைகளைவிட உயரத்தில், அதனால் கூடுதல் காற்றில் நிற்கும். நிலம் தனியாருடையதாக இருக்கும், பார்க்கும் கண் நெடுஞ்சாலையில் இருக்கும், விழுந்தால் விழும் இடம் ரயில் பாதையாகக்கூட இருக்கலாம். மொட்டைமாடிப் பலகையின் உயரத்துக்கு இப்போதே வரம்பு கட்டிப் பேரூராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் அதை எதிர்க்க இன்றைய தேதியில் ஊரில் எவருக்கும் காரணம் இல்லை, ஏனென்றால் அந்த உயரத்தில் இன்னும் எவரும் பணம் போடவில்லை.